ஜப்பானில் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் வெளிநாட்டவருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ கோவையிலோ பொறியியல் அல்லது மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு, இணையவழியில் ஒன்றிரண்டு சுற்றுகளைக் கடந்து, இறுதிச் சுற்றுக்காக டோக்கியோவுக்கு அழைக்கப்பட்டவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். முதியோர் பராமரிப்பு, உணவகம், கட்டுமானம் போன்ற துறைகளுக்காக 2019 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ‘தொகுதெய் கினோ’ என்னும் குறிப்பிட்ட திறன் வழியில் செல்வோருக்குத் தேர்வு முறை வேறு. ஆனாலும் ஆவணங்கள், தரகர்கள், பயணம் பற்றிய பதில்கள் அவர்களுக்கும் பொருந்தும்.

நேர்முகத் தேர்வுக்கு மட்டும் போய்த் திரும்ப எந்த விசா எடுக்க வேண்டும்?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய காலத் தங்கல் விசா தேவை. அதில் 90 நாள் வரை தங்கலாம், ஆனால் ஊதியம் பெறும் எந்த வேலையும் செய்யக் கூடாது. சுற்றுலாவுக்கென வழங்கப்படும் மின்னணு விசா எளிதாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். விண்ணப்பத்தில் எழுதிய நோக்கமும், விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்கும்போது நீங்கள் சொல்லும் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வு என்றால் அதையே சொல்லி, அழைத்த நிறுவனத்திடமிருந்து அழைப்புக் காரணக் கடிதத்தையும், தங்கும் நாட்களின் அட்டவணையையும், செலவை அவர்கள் ஏற்பதாக இருந்தால் அதற்கான உத்தரவாதக் கடிதத்தையும் பெற்று விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள், இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பிலுள்ள தூதரகத்தை அணுக வேண்டும்.

‘வேலை கிடைத்துவிட்டால் அங்கேயே இருந்து வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமா’ என்று பலர் கேட்கிறார்கள். குறுகிய காலத் தங்கலை வேறு தகுதிக்கு மாற்றுவது விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய அனுமதிக்கப்படுவதில்லை. ஊர் திரும்பி முறைப்படி மறுபடி செல்வதாகவே திட்டமிடுங்கள்.

பயணச் செலவை நிறுவனம் தருமா?

சில நிறுவனங்கள் தருகின்றன, சில பாதியைத் தருகின்றன, சில ஒன்றும் தருவதில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது தவறாகாது. போய் இறங்கிய பிறகு கேட்பதுதான் இரு தரப்புக்கும் சங்கடம். பணம் தருவதாகச் சொன்னால், ரசீது எவர் பெயரில் இருக்க வேண்டும், பயணம் செய்ததற்கான விமான நுழைவுச் சீட்டைக் கொடுக்க வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

‘ரிரெகிஷோ’ கேட்கிறார்கள். நான் வழக்கமாக அனுப்பும் ரெஸ்யூமே போதாதா?

போதாது. ஜப்பானிய நிறுவனங்கள் பொதுவாக இரண்டு ஆவணங்களைக் கேட்கும். ஒன்று ரிரெகிஷோ: கட்டங்கள் போட்ட நிலையான படிவம், பெயர், பிறந்த தேதி, படிப்பு, வேலை, உரிமங்கள் என்று எல்லாருக்கும் ஒரே வரிசை. மற்றொன்று ஷொகுமு கெய்ரெகிஷோ: நீங்கள் எந்தத் திட்டத்தில், எத்தனை பேர் கொண்ட குழுவில், எந்தப் பொறுப்பில், என்ன செய்தீர்கள் என்பதை விரித்து எழுதும் பணி வரலாறு. உங்கள் ரெஸ்யூமேயில் உள்ள பெரும்பாலான செய்தி இரண்டாவதற்குத்தான் போய்ச் சேரும். முதலாவதில் அலங்காரத்துக்கு இடமே இல்லை.

ரிரெகிஷோவில் ஒட்டும் படம் 4 செ.மீ. உயரமும் 3 செ.மீ. அகலமும் கொண்டது. கடைசி மூன்று மாதங்களுக்குள் எடுத்ததாகவும், நேர்முகத்துக்கு அணியப்போகும் அதே வகை உடையில் எடுத்ததாகவும் இருப்பது நல்லது. தாளில் ஒட்டுவதானால் படத்தின் பின்புறம் பெயரை எழுதிவிடுங்கள், பிரிந்து விழுந்தாலும் யாருடையது என்று தெரியும். கையால் எழுதச் சொன்னால், ஒரு எழுத்து தவறினாலும் வெள்ளை மை பூசித் திருத்தாமல் புதுத் தாளில் மீண்டும் எழுதுவதே வழக்கம். பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது கணினியில் நிரப்பியதை ஏற்றுக்கொள்கின்றன.

ஆண்டுக் கணக்கில் கவனம் வேண்டும். ஜப்பானில் பொது ஆண்டோடு, பேரரசர் ஆட்சிக்கால ஆண்டும் புழக்கத்தில் உள்ளது. இப்போதைய ‘ரெய்வா’ 2019 மே 1 அன்று தொடங்கியது, ஆகவே பொது ஆண்டிலிருந்து 2018ஐக் கழித்தால் ரெய்வா ஆண்டு கிடைக்கும். எதை எழுதினாலும் தவறில்லை, ஆனால் ஒரே படிவத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. படிப்புப் பகுதியில் சேர்ந்த மாதம், முடித்த மாதம் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுவார்கள். வரலாறு முடிந்ததும் கடைசி வரியின் வலது ஓரத்தில் ‘இஜோ’, அதாவது ‘இவ்வளவே’ என்று ஒரு சொல் எழுதப்படும். அதை விட்டுவிட்டால் உலகம் இடிந்துவிடாது, ஆனால் அது இருந்தால் படிவத்தை அறிந்து நிரப்பியவர் என்பது முதல் பார்வையிலேயே தெரியும்.

நான் பார்த்த படிவங்களில் அதிகம் இடறுவது தேதிகள்தான். அரியர் இருந்ததால் நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்தவர், ரிரெகிஷோவில் நான்காண்டு என்று எழுதிவிடுகிறார். பிறகு வேலை விசாவுக்கு முன் பெற வேண்டிய தங்கும் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டச் சான்றிதழில் வேறு ஆண்டு இருக்கிறது. அரியர் வைத்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை, இரண்டு தாள்களில் இரண்டு தேதி இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். படிப்புக்கும் வேலைக்கும் நடுவே எட்டு மாத இடைவெளி இருந்தால், அந்த எட்டு மாதம் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தயாராக இருங்கள்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து மட்டுமே உண்டு. படிவத்தில் எதை எழுதுவது?

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது, முதல் நாளிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியதும்கூட. ஜப்பானியப் படிவங்கள் யாவும் குடும்பப் பெயர், தன் பெயர் என்று இரண்டு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. நம் கடவுச்சீட்டுகளிலோ குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அங்கே தந்தையின் பெயர் இருக்கும். ஜப்பானியர் ஒருவரைக் குடும்பப் பெயருடன் ‘சான்’ சேர்த்து அழைப்பது வழக்கம் என்பதால், கட்டத்தில் தந்தையின் பெயர் இருந்தால் நாள் முழுக்க உங்கள் தந்தையைத்தான் அழைத்துக்கொண்டிருப்பார்கள். என் முதல் நேர்முகத்தில் காத்திருப்பு அறைக்கு வந்த பெண்மணி என் அப்பாவின் பெயரைச் சொல்லி இரண்டு முறை அழைத்தார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது மூன்றாவது அழைப்பில்தான் உறைத்தது.

செய்ய வேண்டியது இதுதான்: ஆவணங்களில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வேலைக்குச் செல்லும்போது ஜப்பானில் தரப்படும் தங்கும் அட்டையும் பின்னர் அந்தப் பெயரிலேயே வரும், வங்கிக் கணக்கும் அதையே பின்பற்றும். அதோடு மின்னஞ்சலின் முதல் வரியிலேயே, ‘தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, இரண்டாவதாக உள்ளது தந்தையின் பெயர், என்னை இன்ன பெயரால் அழையுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள், பேச்சைத் தொடங்க நல்ல வாய்ப்பாகவும் அமையும்.

பெயரை, வெளிநாட்டுச் சொற்களுக்கு ஜப்பானியர் பயன்படுத்தும் ‘கதகனா’ எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். அவர்களிடம் ல, ள, ர, ற எல்லாவற்றுக்கும் ஒரே வரிசைதான் உண்டு. ழகரமோ கடவுச்சீட்டின் ரோமன் எழுத்திலிருந்து படிக்கப்படும்போது ‘ஜ’ ஆகிவிடும், எழிலரசி ‘எஜிலராசி’ ஆவார். ‘எரிலராசி’ போதும் என்று நீங்கள் எண்ணினால் அப்படியே எழுதி, எல்லாப் படிவங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தில் ஒன்று, பணி வரலாற்றில் ஒன்று என்று எழுதினால் அவர்கள் கணக்கில் நீங்கள் இரண்டு பேர்.

எந்த அளவுக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும்?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகளில், ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையிலும் எழுதலாம். ஆங்கிலத்திலேயே வேலை நடக்கும் மென்பொருள் நிறுவனங்கள் சான்றே கேட்காமல் எடுப்பதுண்டு. வாடிக்கையாளரோடு ஜப்பானிய மொழியில் பேச வேண்டிய வேலைக்கு என்2 கேட்பது வழக்கம். தொகுதெய் கினோ வழிக்கு என்4 அல்லது அதற்கு இணையான அடிப்படை மொழித் தேர்வு போதும், முதியோர் பராமரிப்புக்கு அதற்கென ஒரு கூடுதல் மொழித் தேர்வும் உண்டு.

தமிழருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வாக்கிய அமைப்பு நம்முடையதைப் போலவே வினையில் முடிகிறது, வேற்றுமை உருபுகளும் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டுகின்றன. ‘நான் சென்னையிலிருந்து வந்தேன்’ என்பதை ‘வதாஷி வா சென்னை கரா கிமாஷிதா’ என்று சொல் சொல்லாக அதே வரிசையில் பெயர்க்கலாம். ஆங்கிலத்தின் வழியே ஜப்பானிய மொழி படிப்பவர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்க, தமிழில் யோசிப்பவர் நேராக நடந்துபோகலாம். சீனத்திலிருந்து வந்த ‘கஞ்சி’ எழுத்துகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

நேர்முகத்தில் முழு மரியாதை நடையும் வராவிட்டாலும், இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லும்போது ‘தெஸ்’ என்று முடிப்பதைவிட ‘தோ மோஷிமாஸ்’ என்று முடிப்பது பணிவானது. நிறுவனத்தைப் பேச்சில் ‘ஒன்ஷா’ என்றும், எழுத்தில் ‘கிஷா’ என்றும் குறிப்பிட வேண்டும்.

இணையவழிச் சுற்றுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

நேரத்தை. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குத் தேர்வு என்றால் நமக்குக் காலை 6.30. மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது ‘ஜப்பான் நேரம் 10.00, இந்திய நேரம் 6.30’ என்று இரண்டையும் எழுதி உறுதிசெய்யுங்கள். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு, கைபேசியில் இன்னொரு இணைப்பு, பின்னால் வெறும் சுவர், இவ்வளவும் இருந்தால் போதும்.

என்ன உடை அணிவது? புடவையோ சுடிதாரோ அணியலாமா?

கறுப்பு அல்லது கருநீல நிறத்தில், கோடுகளோ கட்டங்களோ இல்லாத கோட்டும் அதே துணியில் கால்சட்டை அல்லது பாவாடையும், வெள்ளைச் சட்டை, கறுப்புத் தோல் காலணி. அலுப்பூட்டும் விடைதான், என்றாலும் அதுவே பாதுகாப்பான விடை. புடவையைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது, ஆனால் உரையாடலின் முதல் சில நிமிடங்களை உங்கள் வேலை பற்றிப் பேசாமல் புடவையைப் பற்றிப் பேசிக் கழிக்க நேரலாம். பொட்டு, திருநீறு, தாலி, தலைப்பாகை ஆகியவற்றைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தாடி வைத்திருந்தால் ஒழுங்காக வெட்டிக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியத்தைத் தவிர்த்துவிடுங்கள். கிழியாத காலுறை அணியுங்கள், சில அலுவலகங்களில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கோடையில் ஒரு குழப்பம் வரும். 2005இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கிய ‘கூல் பிஸ்’ வழக்கத்தால், வெப்ப மாதங்களில் அலுவலர்கள் கழுத்துப்பட்டையும் கோட்டும் இல்லாமல் இருப்பார்கள். அழைப்பிலேயே ‘கூல் பிஸ் உடையில் வரலாம்’ என்று எழுதியிருந்தால் கழுத்துப்பட்டை இல்லாமல் போகலாம். கோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

எவ்வளவு நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்?

கட்டடத்தின் அருகே அரை மணி நேரம் முன்னதாக, வரவேற்பில் ஐந்து முதல் பத்து நிமிடம் முன்னதாக. அரை மணிக்கு முன்பே உள்ளே போய் நிற்பது ஆர்வமாகக் கருதப்படாது. உங்களுக்காக அறை ஒதுக்கியவரின் வேலையைக் குலைப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். மீதி நேரத்தை அருகிலுள்ள காபிக் கடையில் கழியுங்கள்.

முந்தைய நாள் அதே நேரத்தில், அதே ரயிலில் ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். டோக்கியோ ரயில்கள் நேரத்துக்கு வருவது உண்மைதான். நேரத்தைத் தின்பது நிலையத்துக்குள் நடப்பது. ஷின்ஜுகு போன்ற நிலையத்தில் தவறான வாசல் வழியே வெளியேறினால், சரியான பக்கத்துக்கு வரவே கால் மணி நேரம் போய்விடும். அழைப்பில் வாசலின் பெயரோ எண்ணோ குறிப்பிட்டிருந்தால் அதைக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலே தாமதமானால் என்ன செய்வது? உடனே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, எத்தனை நிமிடம் தாமதமாகும் என்று சொல்லுங்கள். இறங்கும் நிலையத்தில் ‘சியென் ஷோமெய்ஷோ’ என்னும் தாமதச் சான்று கேட்டால் கொடுப்பார்கள். ரயில் நிறுவனமே ‘எங்கள் ரயில் இத்தனை நிமிடம் தாமதம்’ என்று அச்சிட்டுத் தரும் சிறு துண்டுச் சீட்டு அது. நம்மூரில் இப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தால் ரயில்வே எத்தனை டன் தாள் வாங்க வேண்டியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.

கட்டடத்துக்குள் நுழைந்தது முதல் நாற்காலியில் உட்காருவது வரை என்ன நடக்கும்?

குளிருக்கு மேலங்கி அணிந்திருந்தால் வாசலுக்கு வெளியிலேயே கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளென்றால் வாசலில் குடை நிறுத்தும் இடமோ, குடையை நுழைக்கும் நெகிழி உறையோ இருக்கும், சொட்டச் சொட்ட உள்ளே கொண்டுபோகக் கூடாது. பல அலுவலகங்களில் வரவேற்பில் ஆள் இருப்பதில்லை. ஒரு மேசையும் தொலைபேசியும் துறைகளின் உள் எண் பட்டியலும் மட்டும் இருக்கும். கருவியை எடுத்து எண்ணை அழுத்தி, உங்கள் பெயர், எத்தனை மணிக்கு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களை ஜப்பானிய மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அன்றைய முதல் தேர்வு உண்மையில் அந்தத் தொலைபேசிதான்.

அறைக்கு வெளியே நின்று மூன்று முறை தட்டுங்கள். உள்ளிருந்து ‘தோஸோ’ (வாருங்கள்) என்று குரல் வந்ததும் கதவைத் திறந்து ‘ஷிட்ஸுரேய் ஷிமாஸ்’ (மன்னிக்கவும், உள்ளே வருகிறேன்) என்று சொல்லி உள்ளே செல்லுங்கள். கதவை மூடும்போது அமர்ந்திருப்பவர்களுக்கு முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி, ஓசைப்படாமல் மூடுங்கள். பிறகு முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து சுமார் 30 பாகை குனிந்து வணங்குங்கள். பேசி முடித்துவிட்டுக் குனிய வேண்டும், குனிந்துகொண்டே பேசினால் சொல் தரையைப் பார்த்துப் போய்விடும். நாற்காலியின் அருகே நின்று பெயரைச் சொல்லுங்கள். ‘ஒகாகெ குதசாய்’ (அமருங்கள்) என்று அவர்கள் சொன்ன பிறகே உட்காருங்கள். பையை அடுத்த நாற்காலியிலோ மேசையிலோ வைக்காமல் காலடியில் தரையில் வைக்க வேண்டும், அதனால்தான் கீழே வைத்தால் சாயாமல் நிற்கும் பையையே எல்லாரும் வாங்குகிறார்கள்.

இவற்றில் ஒன்றைத் தவறவிட்டதால் எவரும் நிராகரிக்கப்பட்டதாக நான் அறிந்ததில்லை. வெளிநாட்டவர் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் வரிசை மனத்தில் பதிந்திருந்தால் கை நடுக்கம் குறையும், பேச வேண்டியதில் கவனம் நிற்கும். பயிற்சியின் பயன் அவ்வளவே.

என்னவெல்லாம் கேட்பார்கள்?

ஒரு நிமிட அறிமுகம், ஏன் இந்த நிறுவனம், ஏன் ஜப்பான், ஏன் வேலை மாறுகிறீர்கள், உங்கள் வலுவும் குறையும், ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பீர்கள். கேள்விகள் இவைதான், புதுமை எதுவும் இல்லை. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம்: இவருக்கு விசா எடுத்து, வீடு பார்த்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்த பிறகு, இவர் இங்கே இருப்பாரா? நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான ஐயம்தான். உங்கள் ஒவ்வொரு விடையும் ஏதோ ஒரு வகையில் அதற்கு விடையாக இருக்க வேண்டும்.

‘ஷிபோ தோகி’ எனப்படும் விண்ணப்பக் காரணத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ‘ஜப்பான் தொழில்நுட்பத்தில் முன்னேறிய நாடு, மக்கள் ஒழுக்கமானவர்கள், சிறுவயது முதல் அனிமே பார்க்கிறேன்’ என்னும் விடையை எந்த நிறுவனத்திலும், எந்த வேலைக்கும் சொல்லிவிடலாம் என்பதே அதன் குறை. ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவரோடு இந்த விடையை மட்டும் நான்கு மாலைகள் திருத்தினோம். கடைசியில் வந்தது இப்படி இருந்தது: ‘பிரேக் உணரியின் சோதனை நிரலை மூன்றாண்டு எழுதினேன். அளவு வரம்புகள் எப்போதும் ஜப்பானிலிருந்து முடிவாகி வரும். ஒரு முறை அந்த வரம்பு எங்கள் ஊர் வெப்பத்துக்குப் பொருந்தவில்லை. காரணம் கேட்டு எழுதினேன், பதில் வர ஆறு வாரம் ஆனது. அந்த வரம்பை முடிவு செய்யும் அறையில் நான் இருக்க விரும்புகிறேன்.’ இதில் ஜப்பானைப் பற்றி ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஆனால் இவர் ஏன் வர வேண்டும், வந்தால் ஏன் இருப்பார் என்பது தெரிந்துவிடுகிறது.

விடை சொன்னதோடு விடமாட்டார்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு வழி இருந்ததா, அப்போது மேலாளர் என்ன சொன்னார் என்று தோண்டிக்கொண்டே போவார்கள். உங்களை மடக்குவது நோக்கமன்று, உண்மையில் நீங்கள்தான் செய்தீர்களா என்று பார்ப்பதே நோக்கம். நம் பேச்சில் ‘நாங்கள் செய்தோம்’ என்பது இயல்பாக வந்துவிடும். அந்தப் பணிவு இங்கே உதவாது. குழு செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். தோல்வியைக் கேட்டால் தோல்வியைத்தான் சொல்ல வேண்டும், ‘அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை’ என்னும் விடையை அவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். தவறு நடந்ததும் எத்தனை மணி நேரத்தில் மேலாளரிடம் சொன்னீர்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் அது நன்றாக எடுபடும். அறிக்கையிடு, தெரிவி, கலந்துபேசு என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஹோரென்சோ’ என்று ஜப்பானிய அலுவலகங்களில் சொல்வார்கள். பாலக் கீரைக்கும் அதே பெயர்தான் என்பதால் புதிதாகச் சேர்ந்தவருக்கும் மறக்காது.

முந்தைய நிறுவனத்தைக் குறை சொல்லாதீர்கள். நான்காண்டில் மூன்று நிறுவனம் மாறியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலை சார்ந்த ஒரு காரணத்தை நேராகச் சொல்லுங்கள்.

நான் தலையாட்டினால் அவர்கள் குழம்புவதாகச் சொல்கிறார்களே?

உண்மை. பக்கவாட்டில் தலையை அசைத்து நாம் தெரிவிக்கும் சம்மதம் அவர்களுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். மேலும் கீழும் அசைத்து, ‘ஹாய்’ (ஆம்) என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். அதேபோல் அவர்கள் சொல்லும் ‘ஹாய்’ பல சமயம் நம் ‘ம்’ போன்றதுதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் பொருள் தேடாதீர்கள். ஒன்றைக் கேட்டு, அவர்கள் மூச்சை உள்ளிழுத்து ‘முஸுகாஷீ தெஸ் நே’, அதாவது ‘கடினம்தான்’ என்றால், பதில் இல்லை என்பதே.

குடும்பம், மதம், தந்தையின் தொழில் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டியதில்லை. பிறந்த ஊர்ப் பதிவு, குடும்பத்தார் தொழில், மதம், அரசியல் ஈடுபாடு போன்றவற்றைத் தேர்வில் கேட்கலாகாது என்று ஜப்பானியத் தொழிலாளர் அமைச்சகம் நிறுவனங்களுக்கு வழிகாட்டுகிறது. இதற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. பரம்பரைத் தொழிலால் தாழ்த்தப்பட்ட ‘புராகு’ மக்களைக் குடும்பப் பதிவையும் ஊர்ப் பெயரையும் வைத்து அடையாளம் கண்டு நிறுவனங்கள் ஒதுக்கிவந்தன. அதை எதிர்த்த போராட்டங்களின் விளைவாக, உயர்நிலைப் பள்ளி முடித்து வேலை தேடுவோருக்கான பொது விண்ணப்பப் படிவம் 1973இல் நாடு முழுவதும் வந்தது. புராகு ஊர்களின் பெயர்ப் பட்டியல் அச்சிடப்பட்டு நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது 1975இல் அம்பலமானது. ஊரைக் கேட்டு ஆளை எடைபோடும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2021இல் அமைச்சகம் வெளியிட்ட மாதிரி ரிரெகிஷோவில் பாலினத்தைக் குறிப்பிடுவது விருப்பத்துக்கு விடப்பட்டது, மணமானவரா, சார்ந்திருப்போர் எத்தனை பேர் என்ற கட்டங்களும் இல்லை.

நடைமுறையில் சிறு நிறுவனங்களில் யாராவது பேச்சுவாக்கில் கேட்டுவிடுவார்கள். ‘வேலைக்கு எந்தத் தடையும் இல்லை’ என்று புன்னகையோடு முடித்துக்கொள்ளுங்கள். உணவு பற்றிய கேள்வி வேறு, அது பெரும்பாலும் மதிய உணவுக்கு எங்கே அழைத்துப்போவது என்ற கவலைதான்.

சம்பளத்தை நான் கேட்கலாமா?

முதல் சுற்றிலேயே கேட்பதைத் தவிர்க்கலாம். இறுதியில் ‘ஏதேனும் கேள்வி உண்டா’ என்று அவர்கள் கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்வதுதான் பெரிய பிழை. குழு எத்தனை பேர், முதல் ஆறு மாதம் என்ன வேலை, வெளிநாட்டவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இரண்டு மூன்று கேள்விகளை வைத்திருங்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தை அவர்களே கேட்டால் ஆண்டுத் தொகையாகச் சொல்லுங்கள். எண்ணில் ஒரு பொறி இருக்கிறது: அவர்கள் பத்தாயிரத்தை ‘மான்’ என்ற அலகாகக் கொண்டு எண்ணுகிறார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான். 50 லட்சம் யென் என்பது ‘கோஹ்யாகு மான்’, ஐந்நூறு மான். பதற்றத்தில் ஒரு சுழியை விட்டவர்கள் உண்டு.

பயணப் பெட்டியில் எதைக் கொண்டுபோகக் கூடாது?

இறைச்சி சேர்ந்த எதையும் கொண்டுபோகக் கூடாது, அம்மா போட்டுக் கொடுத்த ஆட்டுக்கறி ஊறுகாயும் அதில் அடக்கம். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் பச்சைக் காய்கனி, கறிவேப்பிலை, விதை ஆகியவற்றையும் கொண்டுபோக முடியாது. அரைத்த பொடிகள் வேறு கணக்கு. மருந்தில் மிகுந்த கவனம் தேவை. நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி, இருமல் மருந்துகளில் உள்ள சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானில் தடை. கோடீன் சேர்ந்தவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் எடுத்துச் செல்வதானால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று பெற வேண்டும்.

மின்சாரம் 100 வோல்ட், செருகும் இடத்தில் இரண்டு தட்டையான துளைகள். நம் உருண்டைக் கால் செருகி அதில் போகாது, மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டை விடுதியில் விட்டுவிடாமல் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். ஏப்ரல் இறுதி முதல் மே தொடக்கம் வரையான விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுப்பகுதியில் முன்னோரை நினைவுகூரும் ஒபோன், புத்தாண்டு ஆகிய நாட்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும், ரயிலும் விடுதியும் நிரம்பி வழியும்.

மரக்கறி மட்டும் உண்பவர் என்ன செய்வது?

காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘தஷி’ என்னும் அந்தச் சாறு உலர்ந்த மீன் சீவலில் செய்யப்படுவது, இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் அதை நீக்க வேண்டும் என்று சமைப்பவருக்குத் தோன்றாது. மூன்று நான்கு நாளுக்கு ரொட்டி, பழம், தயிர், உமெபோஷி என்னும் உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்த சோற்று உருண்டை போன்றவற்றை வைத்து ஓட்டலாம். டோக்கியோவில் நிஷிகசாய் பகுதிக்குப் போனால் இந்தியக் குடும்பங்களும் மளிகைக் கடைகளும் உண்டு.

முடிவு எப்போது தெரியும்?

பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள். அன்றோ மறுநாளோ நன்றி மின்னஞ்சல் சுருக்கமாக ஒன்று அனுப்பலாம். ‘உங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்’ என்று கடிதம் முடிந்தால் அது நிராகரிப்பு. இந்த வாசகத்தாலேயே நிராகரிப்புக் கடிதத்துக்கு ‘பிரார்த்தனை மின்னஞ்சல்’ என்று வேலை தேடுவோர் பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை உறுதியானால் எதைப் பார்த்துக் கையெழுத்திடுவது?

‘நைதெய்’ என்னும் வேலை உறுதி கிடைத்ததும், பணி நிபந்தனை அறிவிப்பை எழுத்தில் கேளுங்கள். அதைக் கொடுப்பது தொழிலாளர் சட்டப்படி நிறுவனத்தின் கடமை. ஒப்பந்தக் காலம், வேலை நேரம், சம்பளம், விடுப்பு ஆகியவற்றோடு, 2024 ஏப்ரல் முதல், பணியிடமும் வேலையும் எந்த எல்லைக்குள் மாற்றப்படலாம் என்பதையும் அதில் எழுத வேண்டும். சம்பளத்தில் ‘நிலையான மிகுநேர ஊதியம்’ அடங்கியிருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்கு என்று பாருங்கள். 3 லட்சம் யென் என்று சொன்னதில் நாற்பது மணி நேர மிகுநேர வேலையும் சேர்ந்திருக்கலாம். பிடித்தங்களில் ஓய்வூதியக் காப்பீடு மட்டும் 9.15 சதவீதம், நிறுவனமும் அதே அளவு செலுத்தும். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது விதிக்கப்படுவதால், முதலாண்டில் வராமல் அடுத்த ஆண்டு ஜூனில் வந்து நிற்கும். இரண்டாமாண்டில் கைக்கு வரும் தொகை குறைவதற்குப் பலரும் காரணம் தெரியாமல் திகைப்பது இதனால்தான்.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஜப்பானியச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதையே தடுக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்க உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது, பெயரை அங்கே தேடிப் பாருங்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்பவர், இடையில் விலகினால் அபராதம் என்று எழுதி வாங்குபவர், ‘சுற்றுலா விசாவில் போய்விடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவர், இந்த மூவரோடும் பேச்சை நீட்டாதீர்கள்.

வேலை விசா எப்படி வரும்? போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நிறுவனம் ஜப்பானியக் குடிநுழைவு அலுவலகத்தில் உங்களுக்காகத் தங்கும் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும். பொறியாளர்களுக்கு அது பெரும்பாலும் ‘தொழில்நுட்பம், மானுட அறிவு, பன்னாட்டுச் சேவை’ என்ற வகையில் வரும். செய்யப்போகும் வேலையோடு தொடர்புடைய பட்டமோ, பட்டம் இல்லாவிட்டால் தொழில்நுட்ப வேலைக்குப் பத்தாண்டு அனுபவமோ இதற்கு அடிப்படை. பல்கலைக்கழகத்தின் தற்காலிகச் சான்றோடு நிற்பவர்கள் பட்டச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்று கிடைத்தபின் அதைக் காட்டித் தூதரகத்தில் விசா பெற்று, சான்று வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்க வேண்டும்.

நரிதா, ஹனேதா போன்ற பெரிய விமான நிலையங்களில் தங்கும் அட்டையை அங்கேயே அச்சிட்டுத் தருவார்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் வந்திருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் பாருங்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் அந்த அட்டையோடு உள்ளூர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, கைபேசி இணைப்பு, காப்பீட்டு ஆவணங்கள் யாவும் அட்டையின் பின்புறத்தில் அவர்கள் அச்சிடும் அந்த ஒரு வரி முகவரிக்குப் பிறகுதான் நகரத் தொடங்கும்.